இடம் காட்டும் கைப்பேசி: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



முன்னாளில் நமது கடைகளிலிருந்து ஒரு வீட்டுக்குச் சாமான் போகவேண்டுமானால், "பள்ளிவாசலுக்குப் பின்புறம், மாமரத்துக்கு எதிரே, பச்சைக் கதவு போட்ட வீடு" என்று சொல்லி அனுப்புவோம். சாமான் ஏற்றிய பையனும் நாலு பேரைக் கேட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவான். இன்று ஊர் விரிந்துவிட்டது. ஒரே மாதிரி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் தாமான்கள் பெருகிவிட்டன. ஒரு தாமானில் உள்ள மூன்றாம் லோரோங், பன்னிரண்டாம் எண் வீடு அடுத்த தாமானிலும் இருக்கிறது. ஆகவே வாய்வழி சொல்வதை விட்டுவிட்டு, கைப்பேசியில் "லொக்கேஷன்" அனுப்பும் வழக்கத்துக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். நல்ல சௌகரியந்தான். ஆனால் அந்தக் கருவி பிழையாகக் காட்டும்போது என்ன செய்வதென்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் ஆள்மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தினால் நாம் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டே பாடத்தைத் தொடங்குகிறோம்.

நமது மளிகைக் கடையிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்கு அரிசியும் மசாலாச் சாமான்களும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேரவேண்டியிருந்தது. முதல் வாரம் நாமே அந்த வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்து, வாசலில் நின்றபடியே நமது கைப்பேசியிலிருந்து இடத்தைக் கடைத் தம்பிக்கு அனுப்பிவைத்தோம். வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி வேனை எடுத்துக்கொண்டு நாம் அனுப்பிய புள்ளிக்கே போனார். அது இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறொரு தாமான். அங்கும் அதே லோரோங் எண், அதே வீட்டு எண், கதவு பூட்டியிருந்தது. அவர் நம்மை ஐந்து தடவை அழைத்தார். நாம் கொள்முதல் விஷயமாக வெளியே போயிருந்தோம். கைப்பேசி சட்டைப்பையில் சத்தமில்லாமல் கிடந்தது. சாமான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சமையற்காரர் சட்டியைக் காயவைத்துக்கொண்டு காத்திருந்தாராம். கல்யாண வீட்டார் நம்மைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம்.

கடைக்கு வந்ததும் வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் நிற்கும்போதே தம்பியைக் கண்டபடி ஏசினோம். "முதலாளி, நீங்க அனுப்பின இடத்துக்குத்தான் போனேன்" என்றார். "கைப்பேசி பொய் சொல்லுமா? நீதான் எங்கேயோ சுற்றிவிட்டு வந்திருக்கிறாய்" என்று சொல்லி இரண்டு நாள் கூலியையும் நிறுத்தினோம். இரண்டு வாரம் கழித்து வேறொரு ஆளுக்கு நாம் அனுப்பிய இடமும் அதே மாதிரி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. அப்போதுதான் சந்தேகம் வந்தது. கடைக்கு வந்த வாடிக்கைக்காரர் ஒருவரின் மகன், கல்லூரியில் படிக்கும் பிள்ளை, நமது கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே நிமிஷத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். பிழை நம்முடையது. அது என்ன பிழை என்பதைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்லுகிறோம். முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறதென்று தெரிந்துகொள்ளுவது அவசியம். வேலை செய்யும் விதம் தெரிந்தால் பழுது எங்கே இருக்கிறதென்பது பாதி தெரிந்த மாதிரிதான்.

1. வானத்திலிருந்து வரும் கணக்கு

மின்னலைப் பார்த்தபின் இடி கேட்கும்வரை எண்ணிப் பார்ப்பவர்கள் நம்மிலே உண்டு. மூன்று விநாடி கழித்து இடி கேட்டால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்தது. ஆறு விநாடியானால் இரண்டு கிலோமீட்டர். நேரத்தை அளந்து தூரத்தைக் கண்டுபிடிக்கிறோம். ஜி.பி.எஸ். என்று சொல்லப்படும் ஏற்பாடும் இதே கணக்குத்தான்.

பூமிக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சொச்சம் துணைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு இரண்டு தடவை பூமியைச் சுற்றிவருகிறது. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன துணைக்கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது இன்ன நேரம்" என்று அவை வானொலி அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்த அலை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, அந்தத் துணைக்கோளிலிருந்து தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று கைப்பேசி கணக்குப் போடுகிறது. மூன்று துணைக்கோள்களின் தூரம் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் கைப்பேசிக்குள் இருப்பது மலிவான கடிகாரம். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கணக்கு 300 மீட்டர் தவறிப்போகும். அந்தக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள நாலாவது துணைக்கோள் வேண்டும். ஆகவே குறைந்தது நான்கு துணைக்கோள்களின் சத்தம் கைப்பேசிக்குக் கேட்கவேண்டும். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசாங்கம் இராணுவத்துக்காகத் தொடங்கியது. முதல் துணைக்கோள் 1978-ல் ஏவப்பட்டது. 1983-ல் வழி தவறி சோவியத் நாட்டு வான் எல்லைக்குள் போய்விட்ட ஒரு கொரியப் பிரயாணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அதன் பிறகே, இந்த ஏற்பாடு பொதுமக்களின் உபயோகத்துக்கும் இலவசமாகக் கிடைக்குமென்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். 1995-ல் ஏற்பாடு பூர்த்தியானது. ஆயினும் பொதுமக்களுக்கு வரும் அலையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தவறும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கலப்பை நிறுத்தினார்கள். இன்று ருஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய துணைக்கோள்களையும் நமது கைப்பேசிகள் சேர்த்துக் கேட்கின்றன. ஆகவே திறந்த வெளியில் நல்ல கைப்பேசி ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். ஒன்று, கைப்பேசி துணைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டியைப் போலக் கேட்க மட்டும் செய்கிறது. ஆகவே இதற்குக் கட்டணம் இல்லை. சிம் அட்டை இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். இணையம் தேவைப்படுவது பெரும்பாலும் வரைபடத்தைக் கொண்டுவருவதற்கும், துணைக்கோள்களின் விவரத்தைச் சீக்கிரம் பெறுவதற்குமே. இரண்டாவது, 20,000 கிலோமீட்டர் தாண்டி வரும் அலை மிகவும் பலவீனமானது. மேகமும் மழையும் அதை அதிகம் தடுப்பதில்லை. ஆனால் கான்கிரீட்டும் தகரமும் தடுத்துவிடும்.

2. நமது கடைத்தெருவில் ஏன் தவறுகிறது?

நாம் பெரும்பாலும் நிற்கும் இடம் அஞ்சடி. தலைக்குமேலே மாடி; பின்னால் கடை; எதிரே மட்டும் தெரு. வானத்தில் பாதிக்குமேல் மறைந்துவிடுகிறது. அங்கே நின்று இடத்தை அனுப்பினால் எதிர்ச்சாரிக் கடையையோ அடுத்த சந்தையோ காட்டினால் ஆச்சரியமில்லை. கோலாலம்பூர் போன்ற பட்டணங்களில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே போகும்போது வேறொரு தொல்லை: அலை நேரே வராமல் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. சுற்றி வந்ததால் நேரம் கூடுகிறது. நேரம் கூடியதால் தூரம் கூடியதாகக் கணக்காகிறது. கைப்பேசி நம்மை அடுத்த தெருவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

மேம்பாலமும் அதன் கீழே சாலையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகுமிடத்தில், நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று கைப்பேசிக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை. கோலாலம்பூரில் 2007-ல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதையைப் போன்ற இடங்களுக்குள் அலை வருவதே கிடையாது. முன்பு போன வேகத்தை வைத்துக் கைப்பேசி உத்தேசமாகக் காட்டிக்கொண்டு போகும். இவையெல்லாம் கருவியின் பழுதல்ல, இடத்தின் இயல்பு. இதற்குச் செட்டிங்ஸில் மருந்து தேடவேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. கடைக்குள் இருக்கும்போது துணைக்கோள் கேட்காவிட்டால், சுற்றிலுமுள்ள வைஃபை பெட்டிகளையும் தொலைபேசிக் கோபுரங்களையும் கொண்டு கைப்பேசி இடத்தை ஊகிக்கிறது. இன்ன வைஃபை பெட்டி இன்ன இடத்தில் இருக்கிறதென்ற பெரிய பட்டியல் ஒன்றைக் கூகுள், ஆப்பிள் போன்ற கம்பெனிகள் வைத்திருக்கின்றன. நீங்கள் கடையை ஒரு ஊரிலிருந்து வேறு ஊருக்கு மாற்றி, பழைய வைஃபை பெட்டியையும் கூடவே எடுத்துப் போனால், புதுக் கடைக்குள் நின்றாலும் கைப்பேசி சில காலம் பழைய ஊரைக் காட்டக்கூடும். பட்டியல் திருந்தியதும் சரியாகிவிடும். அதுவரை வாசலுக்கு வெளியே வந்து பார்ப்பதே வழி.

3. முதலில் எது பிழை என்று பிரித்துப் பாருங்கள்

"மேப் தப்பாகக் காட்டுகிறது" என்று பொதுப்படச் சொல்லுவது, "வயிற்றில் என்னவோ செய்கிறது" என்று வைத்தியரிடம் சொல்லுவதற்கு ஒப்பாகும். மூன்றில் ஒன்றுதான் பிழையாக இருக்கும்.

(அ) நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி பிழை. 
(ஆ) போகவேண்டிய இடத்தைக் காட்டும் சிவப்புக் குறி பிழை. 
(இ) இரண்டும் சரி, நடுவே காட்டும் பாதை பிழை.

நீலப் புள்ளி நாம் நிற்கும் இடத்திலேயே நின்றால் கைப்பேசியின் மேல் குற்றமில்லை. அப்போது செட்டிங்ஸை எல்லாம் மாற்றிக் குழப்பாமல், குறியை யார் வைத்தார்கள், எங்கே நின்று வைத்தார்கள் என்று விசாரியுங்கள். பாதை மட்டும் பிழையானால், புதிதாகப் போட்ட ஒருவழிச் சாலை வரைபடத்தில் ஏறாமல் இருக்கலாம். அல்லது மோட்டார் சைக்கிளில் போகிறவர் கார் பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

நீலப் புள்ளியைச் சுற்றி மெல்லிய நீல வட்டம் ஒன்று சில சமயம் தெரியும். அதன் பொருள் யாதெனில், "நான் இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறேன், அதற்குமேல் நிச்சயமில்லை" என்பதாகும். வட்டம் பெரிதாக இருக்கும்போது அந்தப் புள்ளியை நம்பி இடத்தை அனுப்பக் கூடாது. வாட்ஸ்அப்பில் இடம் அனுப்பும்போதும், எத்தனை மீட்டர் வரை சரியானதென்று கீழே சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். பத்து, பதினைந்து மீட்டர் என்றிருந்தால் அனுப்புங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் திறந்த வெளிக்கு வந்து கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படித்திருந்தால் நமக்கு அந்த வெள்ளிக்கிழமை நேர்ந்திருக்காது.

4. நீலப் புள்ளி பிழையானால் செய்யவேண்டியவை

கீழ்க்கண்ட வரிசையிலேயே செய்யுங்கள். சுலபமானது முதலில் வருகிறது. ஒவ்வொன்றையும் செய்தபின் புள்ளி சரியாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போகவும். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றினால் எதனால் சரியாயிற்றென்று தெரியாது.

முதற்படி: வெளியே வாருங்கள். தலைக்குமேல் வானம் தெரியும் இடத்தில் இரண்டொரு நிமிஷம் நில்லுங்கள். ஊருக்குப் போய் விமானத்தில் திரும்பியவர்களும், பல நாள் அணைத்து வைத்திருந்த கைப்பேசியைத் திறப்பவர்களும் இன்னும் சற்றுப் பொறுக்கவேண்டும். துணைக்கோள்களின் முழுப் பட்டியலையும் வானத்திலிருந்தே கேட்டு எழுதிக்கொள்ள பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். இணையம் திறந்திருந்தால் சில விநாடிகளில் ஆகிவிடும். ஆகவே இணையத்தைத் திறந்து வையுங்கள்.

இரண்டாம் படி: லொக்கேஷன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையின் மேலிருந்து விரலைக் கீழே இழுத்தால் வரும் அடையாளங்களில் இது பெரும்பாலும் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ் போய், "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", பிறகு "லொக்கேஷன் சர்வீசஸ்" என்பதைத் திறக்கவேண்டும். கைப்பேசியை மலாய் மொழியில் வைத்திருப்பவர்கள் "தெத்தாப்பான்" என்பதற்குள் "லோக்காசி" என்று தேடவும். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். செட்டிங்ஸின் மேலேயுள்ள தேடும் கட்டத்தில் லொக்கேஷன் என்று எழுதினால் வந்துவிடும்.

மூன்றாம் படி: செயலிக்குக் கொடுத்த அனுமதியைப் பாருங்கள். நாம் விழுந்த குழி இதுதான். லொக்கேஷன் திறந்திருந்தாலும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே அனுமதி உண்டு. அதிலும் இரண்டு வகை: துல்லியமான இடம், உத்தேசமான இடம். ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 2021 முதலும் இந்தப் பிரிவு வந்திருக்கிறது. உத்தேசம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், நாம் நிற்கும் வாசலைச் சொல்லாமல் சில கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள ஒரு வட்டாரத்தை மட்டும் செயலிக்குக் கைப்பேசி சொல்லும். சீதோஷ்ணம் பார்க்கும் செயலிக்கு அதுவே போதும். சாமான் கொண்டுபோய்ச் சேர்க்க அது உதவாது. புதுக் கைப்பேசி வாங்கிய அன்று, கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், திரையில் வந்த கேள்வியைப் படிக்காமலே நாம் எதையோ அழுத்தியிருக்கிறோம். அதன் பலனை அந்தத் தம்பி அனுபவித்தார்.

திருத்தும் வழி இது. செட்டிங்ஸில் லொக்கேஷன் பகுதிக்குப் போய், அதற்குள் செயலிகளின் பட்டியலைத் திறந்து, வாட்ஸ்அப்பையும் வரைபடச் செயலியையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். "செயலியை உபயோகிக்கும்போது மட்டும்" என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் "பிரசைஸ் லொக்கேஷன்" என்ற சிறு விசை இருக்கும். அதைத் திறந்து வையுங்கள். இவ்வளவுதான் வேலை.

நாலாம் படி: ஆண்ட்ராய்டு வைத்திருப்போர் "லொக்கேஷன் அக்யூரசி" என்பதையும் திறந்துகொள்ளவேண்டும். இது திறந்திருந்தால் துணைக்கோளோடு வைஃபை, கோபுரம் முதலியவற்றையும் சேர்த்துக் கைப்பேசி கணக்கிடும். கடைக்குள்ளும் சந்துகளிலும் மிகவும் பிரயோஜனமானது.

ஐந்தாம் படி: பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டைப் பாருங்கள். காலையில் முழுச் சார்ஜுடன் கிளம்பும் தம்பியின் கைப்பேசி பிற்பகலில் இருபது சதவீதத்துக்கு இறங்கியதும் சிக்கனத்துக்கு மாறிவிடுகிறது. திரை அணைந்தவுடன் இடம் பார்ப்பதையும் சில கைப்பேசிகள் நிறுத்திவிடும். "காலையில் சரியாகக் காட்டுகிறது, சாயந்தரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் சார்ஜ் போட வசதி செய்துகொடுப்பது முதலாளியின் கடமை.

ஆறாம் படி: தேதியும் நேரமும் தானாகவே சரிசெய்துகொள்ளும்படி இருக்கிறதா என்று பாருங்கள். கையால் நேரத்தை மாற்றி வைத்திருந்தால் சில செயலிகள் தகராறு செய்யும்.

ஏழாம் படி: கைப்பேசியை அணைத்துத் திறவுங்கள். பலிக்காவிட்டால் வரைபடச் செயலியைப் புதுப்பியுங்கள். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியின் "கேஷ்" என்ற தற்காலிகச் சேமிப்பைத் துடைக்கலாம். ஐபோனில் "ரீசெட் லொக்கேஷன் அண்ட் பிரைவசி" என்ற வழி உண்டு. அதைச் செய்தால் செயலிகள் எல்லாம் மீண்டும் அனுமதி கேட்கும். இம்முறை கேள்வியைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

எட்டாம் படி: இவ்வளவுக்கும் சரியாகாவிட்டால், வேறொருவரின் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் திறந்த வெளியில் ஒப்பிட்டுப் பாருங்கள். அது சரியாகவும் நம்முடையது எல்லாச் செயலிகளிலும் பிழையாகவும் இருந்தால், உள்ளே அலை வாங்கும் பாகம் பழுதாகியிருக்கலாம். கீழே விழுந்ததும் தண்ணீர் பட்டதும் ஞாபகத்துக்கு வருகிறதா? அப்போதுதான் பழுது பார்க்கும் கடைக்குப் போகவேண்டும். அதற்குமுன் உலோக உறை போட்டிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளின் இரும்புப் பெட்டிக்குள்ளும் ஆசனத்துக்கு அடியிலும் கைப்பேசியை வைத்துவிட்டு வழி கேட்கக் கூடாதென்று சொல்லவேண்டியதில்லை.

5. சிவப்புக் குறி பிழையானால்

வாடிக்கைக்காரர் தமது வேலையிடத்தில் இருந்துகொண்டு "இப்போது நான் இருக்கும் இடம்" என்று அனுப்பிவிட்டு, சாமானை வீட்டில் எதிர்பார்ப்பது அடிக்கடி நடக்கிறது. ஆகவே இடம் வந்ததும், "இது வீட்டு வாசலில் நின்று அனுப்பியதா?" என்று ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கூடவே தாமானின் பெயரையும், ஒரு அடையாளத்தையும், தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்குங்கள். குறியும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி கிளம்புமுன்பே விசாரிக்கலாம்.

வீட்டில் இல்லாத வாடிக்கைக்காரரிடம், வரைபடத்தில் தம் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு குறி விழும்; அதை அனுப்பலாம். அதில் இரண்டு எண்களும் தெரியும். ஜார்ஜ்டவுன் என்றால் 5.41 என்றும் 100.33 என்றும் தொடங்கும். முதலாவது பூமத்திய ரேகைக்கு வடக்கே எத்தனை பாகை என்பது. இரண்டாவது கிழக்கே எத்தனை பாகை என்பது. முன்பின்னாக மாற்றி எழுதக் கூடாது. புள்ளிக்குப் பின்வரும் எண்களைச் சிக்கனம் செய்யவும் கூடாது. இரண்டு எண்ணோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் கணக்கில் தவறும். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் கணக்கில் தவறும். ஐந்து எண் இருந்தால் ஒரு மீட்டர் வரை சரியாக இருக்கும். நிறுவையில் குண்டுமணி பார்ப்பவர்களாகிய நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமல்ல.

நமது சொந்தக் கடையின் குறியும் வரைபடத்தில் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பின்சந்தில் குறி விழுந்து, சரக்கு லாரி பின்புறம் வந்து நின்று திணறுவதை நாம் கண்டிருக்கிறோம். கடைச் சொந்தக்காரரே அதைத் திருத்தக் கூகுளில் வழி இருக்கிறது.

6. திசை காட்டுவது வேறு, இடம் காட்டுவது வேறு

பிரயாணத்தில் கிப்லா பார்க்கக் கைப்பேசியை உபயோகிக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இடத்தைச் சொல்லுவது துணைக்கோள். திசையைச் சொல்லுவது கைப்பேசிக்குள் இருக்கும் காந்தமானி. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிப்லா, நேர்மேற்கிலிருந்து ஏறக்குறைய 22, 23 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். இடம் இரண்டு கிலோமீட்டர் தவறினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் இரும்பு அலமாரி, கல்லாப்பெட்டி, ஒலிபெருக்கி, காந்தம் வைத்த உறை இவற்றின் பக்கத்தில் நின்றால் காந்தமானி நம்மை எங்கேயோ திருப்பிவிடும். அவற்றைவிட்டு விலகி, கைப்பேசியைக் காற்றில் ஆங்கில எட்டு எழுதுவதுபோல் நாலைந்து தடவை சுழற்றினால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு வருஷத்தில் இரண்டு நாள் உண்டு. மே மாதம் 28-ஆம் தேதியை ஒட்டியும், ஜூலை மாதம் 16-ஆம் தேதியை ஒட்டியும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. நமது நேரப்படி முதலாவது மாலை ஐந்தேகால் மணியை ஒட்டியும், இரண்டாவது ஐந்தரைக்குச் சற்று முன்பும் ஆகும். அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் அதற்கு நேர் எதிரே விழும். அந்த நிழலோடு கைப்பேசியை ஒத்துப் பாருங்கள்.

7. ஆட்களின் இடத்தைப் பார்ப்பது பற்றி

சாமான் கொண்டுபோகும் ஆள் எங்கே வருகிறார் என்று தெரிந்துகொள்ள, வாட்ஸ்அப்பில் "லைவ் லொக்கேஷன்" என்ற வசதி இருக்கிறது. 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவில் அனுப்பலாம். இதை ஆளின் சம்மதத்தோடு, வேலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அறியாமல் அவரது கைப்பேசியில் எதையும் ஏற்றிவைக்கக் கூடாது. வேலை முடிந்தபின் அவர் எங்கே போகிறார் என்பது நமது சோலியல்ல. புள்ளி ஒரே இடத்தில் அரைமணி நேரம் நின்றால், தூங்குகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேட்டரி இறங்கியிருக்கலாம், இணையம் அறுந்திருக்கலாம், மாடிக் குடியிருப்பின் மின்தூக்கிக்குள் இருக்கலாம். முதலில் அழைத்துக் கேளுங்கள். அவர் அழைக்கும்போது நாமும் எடுக்கவேண்டும்.

நமது பிழை தெரிந்த அன்று மாலை, அந்தத் தம்பியை அழைத்து இரண்டு நாள் கூலியைக் கையில் கொடுத்தோம். தனியே கொடுத்தால் போதுமென்று முதலில் தோன்றியது. ஏசியது நாலு பேர் முன்னிலையில். மன்னிப்பை மட்டும் மறைவில் கேட்பது எப்படி நியாயமாகும்? ஆகவே மறுநாள் வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே, "அன்றைக்குத் தப்பு என் கைப்பேசியில், உன்மேல் ஒன்றுமில்லை, தம்பி" என்று சொன்னோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை முதலாளி" என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கப் போய்விட்டார். கல்யாண வீட்டாருக்கும் போய் உண்மையைச் சொன்னோம். அவர்கள் இப்போதும் நம்மிடமே சாமான் வாங்குகிறார்கள்.

ஞாபகத்தில் வைக்கவேண்டியவை

இடம் அனுப்புமுன் வானம் தெரியும் இடத்துக்கு வாருங்கள். நீல வட்டம் சுருங்கும்வரை பொறுங்கள். மீட்டர் கணக்கைப் படியுங்கள். துல்லியமான இடத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். குறியோடு விலாசத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பிழை வந்தால் புள்ளியா, குறியா, பாதையா என்று பிரியுங்கள்.

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும், உங்கள் கைப்பேசியையும் கடை ஆட்களின் கைப்பேசிகளையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. தராசை வாரம் ஒருமுறை சரிபார்க்கிறோம் அல்லவா? இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுவோம்.